தரப்படுத்தலும் தரப்பரீட்சையும்: யாரை அளக்கிறோம்?

சென்ற இதழில் ரொறன்ரோப் பாடசாலைகள் பற்றி நண்பர் ஒருவர் எழுதியிருந்த குறிப்பே இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. இரவு வேலை முடிந்து காலை பஸ்ஸில் வரும்போது அதை இரண்டு தரம் வாசித்தேன். அவருடைய வாதத்தின் சாரம் இது: இங்கத்தைப் பாடவிதானம் பலவீனமானது, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேர் கணிதத்தில் 'பெயில்' என்பதை மாகாணமே ஒப்புக்கொள்கிறது, எமது பிள்ளைகள் ரியூசனால் தப்பிக்கொள்கிறார்கள், ஆகவே எமது சங்கங்களும் ஒன்றியங்களும் இந்தப் பரீட்சைகளுக்கென்றே ரியூசன் வகுப்புகளை ஆரம்பிக்க வேண்டும்.

முதல் மூன்று கூற்றுகளிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. நான்காவதுடன்தான் எனக்குப் பிணக்கு. அந்தப் பிணக்கை வெறும் கருத்தாகச் சொல்ல நான் விரும்பவில்லை. இந்த விடயத்தில் நானும் குற்றவாளி. அதையும் சேர்த்தே எழுதவேண்டியிருக்கிறது.

நான் ஊரில் பதின்மூன்று வருடங்கள் பிரயோக கணிதம் படிப்பித்தவன். 2010இல் இங்கு வந்த பிறகு வாகனங்களுக்கான பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நிற்கிறேன். வினாத்தாள் தயாரித்தவனாகவும் விடைத்தாள் திருத்தியவனாகவும் பரீட்சையை அங்கே பார்த்தேன். பிள்ளையின் அறிக்கையில் கையெழுத்து வைக்கும் தகப்பனாக இங்கே பார்க்கிறேன். இரண்டு பார்வையும் ஒன்றல்ல என்பது எனக்கு விளங்கப் பல வருடங்கள் எடுத்தன.

1

முதலில் எண்களைப் பார்ப்போம். ஒன்ராறியோவில் 3ஆம், 6ஆம் வகுப்புகளில் வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகியவற்றிலும், 9ஆம் வகுப்பில் கணிதத்திலும், 10ஆம் வகுப்பில் எழுத்தறிவிலும் மாகாணம் முழுவதற்கும் பொதுவான பரீட்சைகள் நடக்கின்றன. இவற்றை நடத்தும் நிறுவனத்தைத் தமிழில் 'கல்வித் தரம், பொறுப்புக்கூறல் அலுவலகம்' எனலாம். எம்மவர்கள் ஈ.கியூ.ஏ.ஓ. என்றே சொல்கிறார்கள். 2018-19இல் 6ஆம் வகுப்பு மாணவரில் 48 வீதத்தினர் கணிதத்தில் மாகாணத் தரத்தை எட்டினர். 2023-24இல் அது 50 வீதம்.

இதைத்தான் நண்பர் 'பாதிப்பேர் பெயில்' என்று எழுதினார். பத்திரிகைகளும் வருடாவருடம் அப்படித்தான் தலைப்பிடுகின்றன. ஆனால் இந்தப் பரீட்சையில் 'பாஸ்', 'பெயில்' என்று ஒன்றும் 6ஆம் வகுப்பில் இல்லை. நாலு மட்டங்கள் இருக்கின்றன. மாகாணத் தரம் எனப்படுவது மூன்றாவது மட்டம். பாடசாலைப் புள்ளியில் சொன்னால் 70க்கும் 79க்கும் இடைப்பட்டது. இரண்டாவது மட்டத்தில் நிற்கும் பிள்ளை தரத்தை நெருங்கிவிட்ட பிள்ளை. சாதாரண தரத்தில் 35 புள்ளி எடுத்தவனையும் 'சித்தி' என்று எழுதிய பழக்கத்திலிருந்து வந்த நாங்கள், 65 எடுக்கும் பிள்ளையை இங்கே 'பெயில்' என்று வீட்டில் ஏசுகிறோம்.

இதனால் நிலைமை நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. வாசிப்பில் எண்பது வீதத்துக்கு மேல் நிற்கும் அதே பிள்ளைகள் கணிதத்தில் ஐம்பதில் நிற்கிறார்கள் என்றால் எங்கோ பிழை இருக்கிறது. பிழை எங்கே என்று தேடுவதற்குப் பதிலாக, பிழையைப் பிள்ளையின் தலையில் எழுதிவிட்டு ரியூசன் காசு கட்டுகிறோமே, அதைத்தான் கேள்விக்குட்படுத்துகிறேன்.

2

இந்தப் பரீட்சை எங்கிருந்து வந்தது? 1993இல், பொப் றே தலைமையிலான அரசாங்கத்தின் காலத்தில், கல்வி பற்றிய றோயல் கமிஷன் ஒன்று நியமிக்கப்பட்டது. பாடசாலைகள் என்ன செய்கின்றன என்பதைப் பொதுமக்கள் அறியவேண்டும், அதற்குக் கல்வி அமைச்சிலிருந்து விலகி நிற்கும் ஓர் அலுவலகம் வேண்டும் என்பது கமிஷனின் எண்ணங்களில் ஒன்று. 1996இல் அலுவலகம் பிறந்தபோது ஆட்சி மைக் ஹாரிஸின் கையில் இருந்தது.

அடுத்த வருடம் சட்டமூலம் 160 வந்தது. அதுவரை உள்ளூர்க் கல்விச் சபைகள் சொத்துவரி மூலம் தமக்கு வேண்டிய பணத்தைத் தாமே திரட்ட முடிந்தது. அந்த அதிகாரம் மாகாண அரசிடம் போனது. 1997 ஒக்ரோபர் கடைசியில் ஒன்றேகால் இலட்சத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் இரண்டு வாரங்கள் வேலையைவிட்டு வெளியில் நின்றார்கள். தோற்றார்கள். 1998 ஜனவரி முதலாம் திகதி ஸ்காபரோ, நோர்த் யோர்க், எட்டோபிக்கோ, யோர்க், ஈஸ்ட் யோர்க், ரொறன்ரோ என்ற ஆறு சபைகளும் ஒன்றாக்கப்பட்டு இன்றைய ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை உருவானது. ஏறத்தாழ 580 பாடசாலைகள் கொண்ட, கனடாவிலேயே மிகப் பெரிய சபை அது.

இந்த மூன்று சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காசை முடிவு செய்யும் அதிகாரம் மேலே போகிறது. பெற்றோர் தெரிவுசெய்யும் சபை பெரிதாகிக்கொண்டே தூரப் போகிறது. அதே நேரத்தில் ஒவ்வொரு பாடசாலையின் புள்ளியும் தனித்தனியாக வெளியிடப்படுகிறது. ஆக, வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எத்தனை உதவி ஆசிரியர்கள், ஆங்கிலம் புதிதாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு எத்தனை மணித்தியாலம் என்பதை முடிவு செய்பவர் ஒருவர். புள்ளி குறைந்ததற்குத் தலைகுனிய வேண்டியவர் இன்னொருவர். பொறுப்புக்கூறல் என்ற சொல் ஒரு திசையில் மட்டும் பாய்கிறது.

2025 ஜூனில் நிதிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி மாகாண அரசு இதே சபைக்கு ஒரு மேற்பார்வையாளரை நியமித்தது. நாங்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபை உறுப்பினர்களின் முடிவெடுக்கும் அதிகாரம் அவர் கைக்குப் போனது. தமிழர் செறிவாக வாழும் ஸ்காபரோவில் இதைப்பற்றி ஒரு கூட்டம்கூட எம்மவர்களால் நடத்தப்பட்டதாக நான் அறியவில்லை. ரியூசன் நிலையங்களின் விளம்பரங்கள் மட்டும் குறைவில்லாமல் வந்துகொண்டிருந்தன.

3

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

மூத்த மகள் இங்கு வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஏழாம் வகுப்பு. கணக்கில் கெட்டிக்காரி, ஆங்கிலம் வராது. எட்டாம் வகுப்பு முடியும் தறுவாயில் 9ஆம் வகுப்புக்கான பாடத்தெரிவுப் படிவம் வீட்டுக்கு வந்தது. அந்தக் காலத்தில் 9ஆம் வகுப்புப் பாடங்கள் 'அகடமிக்', 'அப்ளைட்' என்று இரண்டாகப் பிரிந்திருந்தன. 1999இல் ஹாரிஸ் அரசாங்கத்தின் புதிய பாடவிதானத்துடன் வந்த பிரிப்பு அது. மகளின் படிவத்தில், கணிதத்துக்கு நேரே, 'அப்ளைட்' என்று ஆசிரியர் அடையாளமிட்டிருந்தார்.

நான் அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டேன். வாசகர்கள் சிரிக்கலாம். எமது ஊரில் 'அப்ளைட் மத்ஸ்' என்றால் என்ன? உயர்தரத்தில் தூய கணிதத்தோடு சேர்த்துப் படிக்கும் பிரயோக கணிதம். பொறியியலுக்குப் போகிறவன் படிப்பது. நான் வாழ்க்கையில் பாதியைச் செலவழித்த பாடம். என் மகளை அந்தப் பாடத்துக்குத் தெரிவு செய்திருக்கிறார்கள் என்று நினைத்து, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, கையெழுத்து வைத்தேன்.

இங்கே அந்தச் சொல்லின் அர்த்தம் வேறு என்பது அடுத்த வருடம், அவள் பத்தாம் வகுப்புக்குப் பாடம் தெரியும்போதுதான் விளங்கியது. 'அப்ளைட்' என்பது பல்கலைக்கழகப் பாதையிலிருந்து பிள்ளையைக் கழற்றி விடும் தண்டவாளம். திரும்பி ஏறுவதற்கு ஓர் இடைமாற்றுப் பாடநெறியைத் தனியாகப் படித்து முடிக்க வேண்டும். மகள் சொன்னாள்: "அப்பா, அந்த வகுப்பிலை ஒருத்தரும் கேள்வி கேக்கிறதில்லை. ரீச்சரும் கேக்கிறதில்லை. நானும் இப்ப விட்டிட்டன்." ஒரு வருடத்துக்குள் 'விட்டிட்டன்' என்ற சொல்லுக்கு அவள் வந்துவிட்டாள். அவள் பிறகு கல்லூரியில் கணக்கியல் டிப்ளோமா முடித்து இன்று ஒரு நல்ல வேலையில் இருக்கிறாள். எனக்காக இரக்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அவளை அந்த வகுப்பில் இருத்தியது அவளுடைய கணக்கல்ல. அவளுடைய ஆங்கிலமும் என்னுடைய அறியாமையும்.

இதில் பரீட்சையின் பங்கு என்ன? அதற்கு ஒரு பதில் இருக்கிறது, அது எனக்கே ஆச்சரியமாக இருந்த பதில். 9ஆம் வகுப்புக் கணிதப் பரீட்சையில் 2018-19இல் அகடமிக் மாணவரில் 84 வீதத்தினர் தரத்தை எட்டினர். அப்ளைட் மாணவரில் 44 வீதத்தினர். இது ஒரு வருடத்து விபத்தல்ல. பல வருடங்களாக அந்த இடைவெளி அப்படியே கிடந்தது. ஒரே மாகாணம், ஒரே கட்டடம், சிலவேளை ஒரே ஆசிரியர். ஒரு கதவுக்குள் போனால் 84, மற்றக் கதவுக்குள் போனால் 44. இந்த எண் இல்லாவிட்டால் நான் என் மகளின் கதையை எங்கள் குடும்பத்தின் துரதிர்ஷ்டமாக மட்டுமே நினைத்திருப்பேன்.

என்னுடன் அதே மெசின் வரிசையில் நிற்கும் ஜமெய்க்காப் பெண் ஒருவருடன் ஒருநாள் தேநீர் இடைவேளையில் இதைப்பற்றிக் கதைத்தேன். அவருடைய மகனும் அப்ளைட்டில் படித்தவன். அவர் என்னைப்போல ஏமாறவில்லை. சொல்லின் அர்த்தம் அவருக்கு முதலே தெரியும். பாடசாலைக்குப் போய் எதிர்த்தும் இருக்கிறார். "உனக்குத் தெரியாமல் செய்தார்கள், எனக்குத் தெரிந்தே செய்தார்கள்" என்றார். யோர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் ஜேம்ஸ் 2017இல் வெளியிட்ட அறிக்கையில், ரொறன்ரோச் சபையின் தரவுகளை வைத்து, கறுப்பின மாணவரில் 53 வீதத்தினரே அகடமிக் பாதையில் இருந்ததாகக் காட்டினார். வெள்ளை இன மாணவரில் அது 81 வீதம். ஏனைய நிறத்தவர் 80 வீதம்.

அந்த மூன்றாவது எண்ணைக் கவனியுங்கள். அதில்தான் நாங்கள் பெரும்பாலும் அடங்குகிறோம். 80. வெள்ளையருக்குப் பக்கத்தில். எம்மவர்கள் இந்த விடயத்தில் வாய்திறக்காமைக்குக் காரணம் இந்த எண்ணுக்குள் இருக்கிறது என்றே நினைக்கிறேன். எமது பிள்ளைகள் பெரும்பாலும் தப்பிவிட்டார்கள். தப்பாத பிள்ளைகளின் பெற்றோர், என்னைப்போல, வெட்கத்தில் வெளியே சொல்வதில்லை.

4

ஏன் எமக்குப் புள்ளியில் இவ்வளவு நம்பிக்கை? இதற்குப் பதில் தேட ஊருக்குப் போக வேண்டும்.

'தரப்படுத்தல்' என்ற சொல்லைக் கேட்டால் எமது தலைமுறைக்கு நினைவில் வருவது ஒன்றுதான். 1971 பல்கலைக்கழக அனுமதியில் பேராதனைப் பொறியியலுக்குத் தமிழ்மொழி மாணவனுக்கு 250 புள்ளி வேண்டியிருந்தது. சிங்களமொழி மாணவனுக்கு 227 போதுமாக இருந்தது. அம்மாவின் தம்பியார், என் மாமா, அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நின்றவர். கடைசிவரை அந்தப் புள்ளியை அவர் மறக்கவில்லை. எங்கள் வீட்டில் அரசியல் என்றால் அந்தப் புள்ளிதான்.

அது அப்பட்டமான அநீதி. அதில் எனக்கு மாற்றுக்கருத்தில்லை. ஆனால் அந்த அநீதியிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்ட பாடம் சரியானதா? 'புள்ளியில் கைவைத்தார்கள், ஆகவே புள்ளி புனிதமானது' என்ற முடிவுக்கு வந்தோம். கைவைக்கப்படாத புள்ளி நீதியானது என்று நம்பினோம். 1974இல் மாவட்டக் கோட்டா வந்தபோது வன்னியிலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் சிலர் முதல்முறையாகப் பல்கலைக்கழக வாசலை மிதித்தார்கள் என்பதை யாழ்ப்பாணத்தில் நாங்கள் எத்தனை பேர் உரத்துச் சொன்னோம்? யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரிகளின் ஆய்வுகூடமும் ரியூசன் கொட்டிலும் மூன்று தலைமுறைப் படிப்பும் சேர்ந்து எடுத்த புள்ளியை, விஞ்ஞான ஆசிரியரே இல்லாத பாடசாலையில் இருந்து ஒருவன் எடுத்த புள்ளியோடு ஒரே தராசில் வைப்பதை நாங்கள் 'திறமை' என்றோம்.

நான் விரிவுரையாளனாக இருந்த காலத்தில் வன்னியிலிருந்து குறைந்த புள்ளியுடன் வந்த மாணவர்களைப் படிப்பித்திருக்கிறேன். முதல் வருடம் திணறுவார்கள். மூன்றாம் வருடத்தில் யார் எங்கிருந்து வந்தவர் என்று விடைத்தாளை வைத்துச் சொல்ல என்னால் முடிந்ததில்லை. அப்போதே எனக்கு இது விளங்கியிருக்க வேண்டும். ஆனால் விளங்கவில்லை. ஏனென்றால் நானும் புள்ளியால் மேலே வந்தவன். ஏணியில் ஏறியவன் ஏணியைச் சந்தேகிப்பதில்லை.

மொழிவாரித் தரப்படுத்தலும் இங்கத்தைத் தரப்பரீட்சையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அது ஒரு இனத்தின் கதவைச் சாத்திய அரசியல். இது பெரும்பாலும் நல்லெண்ணத்துடன் தொடங்கிய ஒரு நிர்வாக முறை. ஆனால் முதலாவதில் காயப்பட்டதால் இரண்டாவதைக் கும்பிடுகிறோமே, அந்த மனநிலையை நாங்கள் ஆராய வேண்டும்.

5

தொழிற்சாலை எனக்குக் கற்பித்த ஒன்றை இங்கே சொல்கிறேன். எங்கள் மெசின்களில் இருந்து விழும் பிளாஸ்டிக் பாகங்களில் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை சிலவற்றை எடுத்து அளந்து பார்ப்பார்கள். எல்லாவற்றையும் அளப்பதில்லை, அளக்கத் தேவையும் இல்லை. அளவு பிசகியிருந்தால் மெசினை நிறுத்துவார்கள். அச்சைத் திறந்து பார்ப்பார்கள், சூட்டைப் பார்ப்பார்கள், வந்த மூலப்பொருளைப் பார்ப்பார்கள். பிசகிய பாகத்தைக் கையில் எடுத்து 'நீ ஏன் இப்படி வந்தாய்' என்று ஒருவரும் ஏசுவதில்லை. ஆறாம் வகுப்புப் படித்த எங்கள் போர்மனுக்கு விளங்கும் விடயம் இது.

பிள்ளைகள் பிளாஸ்டிக் அல்ல என்று நண்பர்கள் சொல்லக்கூடும். சரிதான். அதனால்தான் இன்னும் கவனம் வேண்டும். ஒரு கல்விமுறையை அளப்பதுதான் நோக்கமென்றால் மாதிரித் தொகுதி ஒன்றே போதும். பல நாடுகளை ஒப்பிடும் பீசா பரீட்சை அப்படித்தான் நடக்கிறது: ஒவ்வொரு நாட்டிலும் 15 வயதினரில் தெரிந்தெடுத்த ஒரு பகுதியினர் மட்டும் எழுதுகிறார்கள். பின்லாந்தில் பாடசாலையின் கடைசிக் கட்டம்வரை எல்லாப் பிள்ளைகளும் எழுதும் தேசியப் பரீட்சை கிடையாது. ஒன்ராறியோ ஒவ்வொரு பிள்ளையையும் அளக்கிறது, ஒவ்வொரு பாடசாலையின் எண்ணையும் வெளியிடுகிறது. வெளியிட்ட எண்ணை வைத்து பிரேசர் நிறுவனம் பாடசாலைகளைப் பத்துக்கு இத்தனை என்று வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையை எமது வீட்டுத் தரகர்கள் விளம்பரத்தில் போடுகிறார்கள். 'நல்ல பாடசாலை வட்டாரம்' என்று ஸ்காபரோவை விட்டு மார்க்கத்துக்குப் போகும் குடும்பம் தன் பிள்ளையின் புள்ளியையும் அந்தப் புள்ளியை எடுக்க வைத்த வசதியையும் சேர்த்தே கொண்டுபோகிறது. விட்டுவிட்டுப் போன பாடசாலையின் எண் இன்னும் இறங்குகிறது. பிறகு அந்த எண்ணைக் காட்டி அடுத்த குடும்பம் புறப்படுகிறது.

எண்ணோடு தண்டனையும் பரிசும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் அற்லான்ரா நகரம் ஓர் உதாரணம். அங்கே பொதுப் பாடசாலைகளில் பிள்ளைகளின் விடைகளை ஆசிரியர்களே அழித்துத் திருத்தியதை 2011இல் மாநில விசாரணை வெளிக்கொணர்ந்தது. 44 பாடசாலைகள், 178 ஆசிரியர்களும் அதிபர்களும். 2015இல் பதினொரு பேர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் யார்? வாசிக்கத் தெரியாமலே 'தேறிய' பிள்ளைகள்.

ஆனால் மெசினை நிறுத்திப் பார்த்த சந்தர்ப்பமும் ஒன்ராறியோவில் உண்டு. அதை மறைத்தால் நான் நேர்மையற்றவன் ஆவேன். 2018-19இல் 3ஆம் வகுப்பு மாணவரில் 26 வீதத்தினர் வாசிப்பில் தரத்தை எட்டவில்லை. விசேட கல்வித் தேவையுள்ள பிள்ளைகளில் அது 53 வீதம். ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு இந்த எண்களைக் கையில் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை விட்டுவிட்டு, பாடவிதானத்தை விசாரித்தது. 2022 பெப்ரவரியில் வெளிவந்த அதன் அறிக்கை சொன்னது: படத்தைப் பார்த்தும் வசனத்தின் போக்கைப் பார்த்தும் சொல்லை ஊகிக்கச் சொல்லிக்கொடுக்கும் முறை பிழை, எழுத்தையும் ஒலியையும் இணைத்து ஒழுங்காகக் கற்பிக்க வேண்டும். 2023இல் மொழிப் பாடவிதானம் மாற்றப்பட்டது. அரிவரியில் அகரத்திலிருந்து தொடங்கிய எமக்கு இது புதினமாக இருக்காது. புதினம் என்னவென்றால், புள்ளியை வைத்துக் கல்விமுறையைக் கூண்டில் ஏற்ற முடியும் என்பது.

அகடமிக், அப்ளைட் பிரிப்பும் அப்படித்தான் போனது. கறுப்பினப் பெற்றோரும் ஆசிரியர்களும் வருடக்கணக்காகக் குரல் கொடுத்தார்கள். 84, 44 என்ற இரண்டு எண்களும் அவர்கள் கையில் ஆயுதமாக இருந்தன. 2021 செப்ரெம்பரில் 9ஆம் வகுப்புக் கணிதத்தில் பிரிப்பு நீக்கப்பட்டது. 2022இல் மற்றப் பாடங்களிலும். அந்தப் போராட்டத்தில் எமது சங்கங்களில் ஒன்றின் பெயரையும் நான் காணவில்லை. ஆனால் என் இளைய மகன் 2024இல் 9ஆம் வகுப்புக்குப் போனபோது படிவத்தில் அந்தக் கேள்வியே இருக்கவில்லை. அக்காவுக்கு நடந்தது அவனுக்கு நடக்கவில்லை. அதற்காக நான் நன்றி சொல்ல வேண்டியது என் மெசின் வரிசையில் நிற்கும் பெண்ணைப் போன்றவர்களுக்கு.

பிரிப்பை நீக்கியதோடு வேலை முடியவில்லை என்பதும் உண்மை. 2023-24இல் 9ஆம் வகுப்புக் கணிதத்தில் தரத்தை எட்டியவர்கள் 54 வீதம். எல்லோரையும் ஒரே வகுப்பில் இருத்திவிட்டு வகுப்பின் அளவைக் குறைக்காமலும் உதவி ஆசிரியரைக் கொடுக்காமலும் விட்டால் எண் எப்படி உயரும்? இந்தக் கேள்வியைக் கேட்பதற்கும் அதே எண்தான் உதவுகிறது.

6

அண்மையில் எங்கள் பகுதிச் சங்கத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் வீட்டுக்கு வந்தார். என்னிடம் படித்தவரல்ல, ஆனாலும் 'சேர்' என்றுதான் கூப்பிடுவார். "சேர், சனிக்கிழமையிலை ஈ.கியூ.ஏ.ஓ. வகுப்பு ஒண்டு துவங்கப்போறம். கணக்குக்கு நீங்கள்தான் வரவேணும்" என்றார். எந்த நேரம் என்று கேட்டேன். சனிக்கிழமை காலை ஒன்பதரை. அந்த நேரத்தில் தமிழ் வகுப்பு நடக்கிறதே என்றேன். "ஆறாம் வகுப்புக்குப் பிறகு தமிழுக்கு ஆர் சேர் வருகினம்?" என்றார்.

இந்த மாகாணத்தில் 1977இலிருந்து பிறமொழிப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி வகுப்பு பொதுப் பணத்தில் நடக்கிறது. எமக்கு முன்வந்த இத்தாலியரும் உக்ரேனியரும் கேட்டுப் பெற்றது. தமிழை எந்தத் தரப்பரீட்சையும் அளப்பதில்லை. அளக்கப்படாததால் அது எமது வீடுகளிலேயே பெறுமதி இழக்கிறது. அளக்கப்படுவது மட்டுமே கல்வி என்று அரசாங்கம் சொல்லவில்லை, நாங்கள்தான் சொல்கிறோம்.

இளைஞருக்கு நான் சொன்ன பதில் இது. பின்தங்கிய பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டால், இரவு வேலை முடிந்த கையோடு வருகிறேன், காசும் வேண்டாம். பழைய வினாத்தாளை வைத்துப் பழக்கும் வேலைக்கு வரமாட்டேன். அந்த வகுப்பால் உயரும் புள்ளி பிள்ளை கணக்கை விளங்கிக்கொண்டதைக் காட்டாது. பழக்கப்பட்டதைக் காட்டும். அதைவிட மோசமானது, பாடசாலையில் உள்ள குறையை அது மூடிவிடும். ரியூசனால் உயர்ந்த புள்ளியைக் காட்டி 'எங்கள் பாடசாலை நன்றாக இருக்கிறது' என்று அதிபர் சொல்வார். ரியூசனுக்குக் காசில்லாத வீட்டுப் பிள்ளை அந்தப் பொய்க்குள் தனியே அகப்பட்டுக்கொள்ளும். மெசினை நிறுத்த வேண்டிய நேரத்தில் நாங்கள் வெளியில் இருந்துகொண்டு பிசகிய பாகங்களை அரத்தால் ராவிச் சரிப்பண்ணிக்கொண்டிருக்கிறோம். அதற்கு நாங்களே காசும் கட்டுகிறோம்.

அவருக்கு முழுதாக விளங்கியதோ தெரியாது. அடுத்த கிழமை திரும்பி வந்து, பத்துப் பிள்ளைகளின் பெயரைத் தந்தார். எல்லோரும் கணக்கில் பின்தங்கியவர்கள். மூன்று பேர் வந்து ஒரு வருடமும் ஆகாதவர்கள். நேரத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றச் சம்மதித்தார். தொடங்கியிருக்கிறேன்.

சென்ற இதழில் எழுதிய நண்பருக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவும்தான். ஒன்ராறியோவில் ஒவ்வொரு பொதுப் பாடசாலைக்கும் பெற்றோர் இருக்கும் பாடசாலைச் சபை ஒன்று சட்டப்படி உண்டு. எமது பகுதியில் அந்தக் கதிரைகள் பெரும்பாலும் காலி. அடுத்த முறை உங்கள் பிள்ளையின் பாடசாலை எண் வெளிவந்தால் அதை வைத்துக்கொண்டு வீடு தேடாதீர்கள், பிள்ளையையும் ஏசாதீர்கள். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போய், தரத்தை எட்டாத பிள்ளைகள் யார், அவர்களுக்கு இந்த வருடம் என்ன கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். உங்கள் பிள்ளை எட்டியிருந்தாலும் கேளுங்கள். முக்கியமாக, எட்டியிருந்தால் கேளுங்கள். எமக்குப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அப்படி ஒருவர் கேட்டிருந்தால் என் மகளின் வகுப்பில் யாராவது கேள்வி கேட்டிருப்பார்கள்.

இந்தக் கருத்துகளுடன் உடன்படாதவர்கள் இருப்பார்கள் என்று தெரியும். மறுப்பு எழுதுங்கள். 'எங்கள் பிள்ளைகள் தப்பிவிட்டார்கள்' என்பதை மட்டும் மறுப்பாக எழுதாதீர்கள்.